பாவாவின் மிக்ஸரில் ஒரு மேடு

நாம் பாடும்போது முன்வரிசையில் இருப்பவர் எழுந்து போனால் தாங்கிக்கொள்ளலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். தூங்கினால்கூடப் பரவாயில்லை... வெயில் அப்படி. ஆனால், காதில் மாட்டியிருக்கும் மெஷினைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டும் தட்டிக்கொண்டால்?

வைகாசி கிருத்திகை அன்று எனக்கு அதுதான் நடந்தது. மலையடிவாரத்துப் பந்தலில் எங்கள் பஜனைக் குழு பாடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆறு பெண்கள். என்னுடைய தனிப்பாட்டு வந்தது. இரண்டாவது வரியில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் அந்தக் காரியத்தைச் செய்தார். கழற்றியதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! என்னைப் பார்த்துப் புன்னகை வேறு.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். மற்றவர்களுக்காக இரண்டு வரி. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் குரலை வைத்தே பிழைத்தவள். அத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னை “என்ன சொன்னீங்க?” என்று திருப்பிக் கேட்டதில்லை. கணவர் போன பிறகு வீட்டில் அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் பஜனைக் குழுவில் சேர்ந்தேன். பக்தி முற்றிப்போய்ச் சேர்ந்தேன் என்று எழுதினால், மேலே நிற்கிற முருகனே சிரிப்பான். செவ்வாய்க்கிழமை ஒத்திகை, கிருத்திகைக்குப் பந்தல் — என் நாட்களைத் தாங்கிப் பிடித்திருப்பவை இந்த இரண்டும்தான்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒரு மனுஷர் காதைக் கழற்றி வைக்கிறார்!

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பாடிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால், நம் குரல் நமக்கு நன்றாகத்தானே இருக்கும்? மறுநாள் குழுவில் இருக்கும் கமலாவிடம் போனில் கேட்டேன். அவள் நல்லவள், பொய் சொல்லத் தெரியாதவள். “கொஞ்ச நாளாவே... தகரத்தைக் கிழிக்கிற மாதிரி வருது வசந்தி. நாங்கதான் சொல்லல” என்றாள்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், குழாய் விட்டுப் பார்த்தார். “தொண்டை அருமையா இருக்கும்மா, ஒண்ணுமே இல்லை” என்றார். ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு. இருந்தால் மாத்திரை சாப்பிடலாம். ஒன்றுமே இல்லை என்றால், என் குரலே அவ்வளவுதான் என்றல்லவா அர்த்தம்?

பாடுவதை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். ஆடிக் கிருத்திகைக்கு என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிடலாம். யாரிடம் முதலில் சொல்வது? வேறு யார்... பாவாவிடம்தான்.

பாவா என்றால் என் அக்கா மல்லிகாவின் கணவர். பெயர் முனிரத்தினம். பொதட்டூர்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். முட்டி வலி வந்த பிறகு தறியை வாடகைக்கு விட்டுவிட்டு, சின்ன வயசு ஆசையான சவுண்டு சர்வீஸை ஆரம்பித்தார். எங்கள் பந்தலுக்கு அவர்தான் மைக் செட். இரண்டு ஸ்பீக்கர், ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் என்று இருந்தவர், போன பொங்கலுக்குப் பிறகு, மைக் சத்தங்களைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் டிஜிட்டல் மிக்ஸர் வாங்கினார். கோவிலில் பூஜை போட்டுத்தான் பிரித்தார். வாங்கியதும் எனக்குத்தான் முதல் போன்.

“வசந்தி! இனிமே உன் வாயிலேர்ந்து வர ஒவ்வொரு வார்த்தையும் கடைசி வரிசைக்குக் கேக்கும் பாரு.”

அவர் தறிவீட்டு ஆள். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மிக்ஸரோடு வந்த புத்தகத்தைப் பக்கத்துத் தெரு இன்ஜினியரிங் பையனை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ராப்பகலாகப் பழகினார். எனக்கும் பாடம் எடுத்தார். “மைக்கக் கடிக்காதம்மா, நாலு விரலு தூரம் வுடு. டெலிபோன் ஞாபகத்துல ஒட்டிக்கினு பாடற நீ.” உண்மைதான். தள்ளி நின்றதும் மூச்சு முட்டும் சத்தம் போயிற்று. “ஜெனரேட்டர் உறுமலு, ஃபேன் காத்து — இதெல்லாம் அடியில கீது. அத்த வெட்டிட்டா குரலு தானா மேல வரும்.” வந்தது. “எக்கோ அதிகம் வெச்சா சாமி குகைக்குள்ள போயிரும்” என்பார். எல்லாமே சரி. எல்லாமே எனக்காகச் செய்தது. அந்த மிக்ஸரில் பாடுகிறவர்களுக்குத் தனித்தனியாக அளவு பதிந்து வைக்கலாமாம். முதல் பதிவுக்கு என் பெயரையே போட்டிருந்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் போய், “நான் இனிமேல் பாடவில்லை” என்று சொல்ல வேண்டும். பஸ் ஏறினேன்.

பொதட்டூர்பேட்டைத் தெருவில் நுழைந்தாலே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். கீழே வாடகைத் தறி தடதடக்க, மாடி அறையில் பாவா மிக்ஸர் முன் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

“உன் குரலுக்கு இன்னா கொறச்சல்? யாரு சொன்னது? இரு, வைகாசியில பாடினது பதிஞ்சு வெச்சிருக்கறேன். போடறேன், நீயே கேளு.”

போட்டார். என் குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. சரஸ்வதி மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் பல்லெல்லாம் கூசியது. ச, ஷ வரும் இடமெல்லாம் ஊசி. ஹெட்மாஸ்டர் மெஷினைக் கழற்றியதோடு விட்டது பெரிய மனசு என்று தோன்றியது.

பாவா தலையைச் சாய்த்துக் கேட்டார். “மூடின மாதிரி கீதுல்ல? இன்னும் கொஞ்சம் தெறக்கலாம்” என்றார்.

திரையில் ஒரு கோடு இருந்தது. கோட்டின் இடது பக்கம் கனத்த சத்தம், வலது பக்கம் போகப் போகக் கூர்மையான சத்தம். எந்த இடத்தை விரலால் தூக்குகிறோமோ அந்த இடத்துச் சத்தம் கூடும். வலது பக்கத்தில் ஏற்கெனவே ஒரு மேடு இருந்தது. பாவா அதை ஆசையாக இன்னும் ஒரு விரற்கடை தூக்கினார். சமையலறையில் இருந்த அக்கா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து கரன்ட் போயிற்று.

தறிக்காரத் தெருவில் கரன்ட் போனால் எப்படி இருக்கும் தெரியுமா? தெரு மொத்தமும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொள்ளும். எங்கோ ஒரு வீட்டில் தட்டு கழுவும் சத்தம்கூடக் கேட்கும். ஸ்பீக்கரும் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் ஒன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மிக்ஸருக்கு மாற்றுக் கரன்ட் கொடுக்கும் யுபிஎஸ் பெட்டி. கீ... கீ... கீ... என்று, நிறுத்தாமல்.

பாவா சாவகாசமாக விசிறிக்கொண்டிருந்தார்.

“பாவா, அது கத்துதே, ஆஃப் பண்ணிடுங்களேன்” என்றேன்.

“எது?” என்றார்.

அதற்குள் மேலே வந்திருந்த அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“பொட்டி கத்துது பாவா. கீ கீன்னு.”

“செவப்பு லைட்டு மினுக்கினு கீது. அது தெரியுது.”

“லைட்டு இல்ல. சத்தம்.”

பாவா விசிறியைக் கீழே வைத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, “ஆங்... கேக்குது கேக்குது” என்றார். கேட்கவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

எனக்குப் பழசெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மைக் கீச்சிட்டால் பாவா உடனே குறைக்கமாட்டார். கூட்டம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்க்கும். அதைப் பார்த்த பிறகுதான் கை போகும். நாங்கள் கவனக்குறைவு என்று நினைத்திருந்தோம். மனுஷர் காதால் அல்ல, கூட்டத்தின் முகத்தால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்!

சொன்னால் ஒப்புக்கொள்வாரா? பிடித்துக்கொண்டார் ஒரே பிடியாக. “நூறு தறி ஓடற எடத்துல எந்தத் தறியில நூல் அறுந்ததுன்னு சத்தத்துலயே சொன்னவன்டி நானு! என் காதையா சொல்றீங்க?” அதுவும் பொய்யில்லை. அந்தத் தடதடப்பு மட்டும் அவருக்கு இன்றைக்கும் துல்லியம். அந்தத் தடதடப்புதான் மீதியைத் தின்றிருக்கிறது.

என் தொண்டையைப் பார்த்த அதே டாக்டரிடம் அவரை அழைத்துப்போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். அதிலும் மிக்ஸர் திரையில் இருந்தது போலவே ஒரு கோடு. நேராகப் போய், வலது பக்கம் திடீரென்று பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

“வருஷக்கணக்கா தறிச் சத்தத்துல இருந்தா வர்றதுதாங்க. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். மெஷின் வெச்சுக்கலாம்” என்றார் டாக்டர்.

பாவா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்தார். மாடி ஏறினார். மிக்ஸரின் திரையைத் திறந்து என் பெயரில் இருந்த அளவுப் பதிவை வரவழைத்தார். டாக்டர் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் இரண்டையும் பார்த்தார்.

தாளில் எங்கே பள்ளமோ, சரியாக அங்கேதான் திரையில் மேடு.

தன் காதில் விழுந்த பள்ளத்தை என் குரலைப் போட்டு நிரப்பியிருக்கிறார். அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையரில் இரண்டே திருகுதான். தப்பு செய்யக்கூட அதில் இடமில்லை. புது மிக்ஸர் எதைக் கேட்டாலும் கொடுக்கும், தப்பை உட்பட. மற்றவர்கள் குரலுக்கும் கொஞ்சம் மேடு இருந்தது. ஆனால், எனக்கு மட்டும்தான் மலை. மச்சினி பாட்டில் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது என்ற ஆசை, வேறென்ன? எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். கண்தான் கலங்கியது.

“உன் குரலக் கெடுத்தது நான்தான்மா” என்றார் பாவா. திரையை அணைத்தார். “காது கேக்காதவன் சவுண்டு சர்வீஸ் நடத்தறான்னா ஊரே சிரிக்கும். ஆடிக் கிருத்திகைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு. மிக்ஸர யாருக்குனா குடுத்துடலாம்.”

பாருங்கள், நான் பாடுவதை நிறுத்தப் போகிறேன் என்று சொல்லப் போனவள். இப்போது நான் பாடலாம், அவர் நிறுத்துகிறார்! யோசித்துப் பார்த்தேன். எனக்காவது எழுத இந்தப் பக்கம் இருக்கிறது. தறியையும் விட்டுவிட்ட அவருக்கு இந்த மிக்ஸரை விட்டால் என்ன இருக்கிறது? காலையில் எழுந்து எதன் முன்னால் போய் உட்காருவார்?

நான் ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அக்கா தேடவில்லை. அவள் அங்கன்வாடியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். பகலெல்லாம் தறிச் சத்தத்துக்கு வெளியே இருந்ததால் காது பத்திரம். வாயும் பத்திரம்.

“ஏன்யா, தறி ஓடறப்ப முப்பது வருசம் உன்ன சாப்பிடக் கூப்ட்டேனே, ஒரு நாளாவது என் குரலு உன் காதுல வுழுந்துதா?”

பாவா விழித்தார்.

“வுழல. வாசப்படியில நின்னுகினு கையாலதானே கூப்ட்டேன்? என்னிக்குனா சாப்பிட வராம இருந்தியா?”

தறி ஓடும் வீட்டுக்குள் போயிருக்கிறவர்களுக்கு இது தெரியும். அந்தச் சத்தத்தில் வாயால் பேசி யாருக்கும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். இரண்டு முஷ்டியையும் எதிரெதிராக இழுத்துக் காட்டினால், நீளமாக ஓடும் பாவு நூல் இறுக்கமாக இருக்கிறது, தளர்த்து. மணிக்கட்டைத் தொங்கவிட்டுக் காட்டினால், தொய்ந்து போச்சு, இழுத்துக் கட்டு. இப்படி வீட்டுக்கு வீடு ஒரு பாஷையே உண்டு.

“நான் பந்தலு கடைசியில நிக்கறேன். குரலு கூரா வந்தா இறுக்கம்னு காட்டறேன். மந்தமா வந்தா தொய்வுன்னு காட்டறேன். நீ என் கையப் பாத்து அந்தக் கோட்ட ஏத்து, எறக்கு. இதுக்கு இன்னாத்துக்குக் காது?”

பாவா அவளையே பார்த்தார். பிறகு மெல்லத் திரையைத் திறந்தார். என் பெயரில் இருந்த பதிவில் அந்த மேட்டின் மேல் விரலை வைத்தார். அவருக்கு மனசே வரவில்லை என்பது விரலில் தெரிந்தது. அதை இறக்கினால் அவருக்கு என் பாட்டில் பாதி கேட்காது. இறக்கினார்.

ஒரு வாரம் மாடியில் ஒத்திகை. நான் பாடுவேன். அக்கா மொட்டை மாடி மூலையில் நின்று கையை ஆட்டுவாள். முதல் இரண்டு நாள் தவறாமல் சண்டை. “இறுக்கம்னு காட்டினா ஒரேயடியா அவுத்து வுட்டுட்டியே!” “நீ காட்டினது அப்படி!” மூன்றாம் நாள் சண்டை குறைந்தது. பாடும்போது திரையில் பச்சைப் பட்டைகள் குதிக்கும். எந்தப் பட்டை எவ்வளவு குதித்தால் அக்கா எந்த ஜாடை காட்டுகிறாள் என்று பாவா கண்ணாலேயே மனப்பாடம் செய்தார். எனக்கும் திட்டு விழுந்தது. “குரலு மேல போறப்ப மைக்க வுட்டு கொஞ்சம் வெலகு வசந்தி. எல்லாத்தையும் மெஷினே செய்யுமா?” என்றார். பழைய பாவா திரும்பிவிட்டார்.

ஆடிக் கிருத்திகை. காலை பத்து மணிக்கே அடிவாரம் மஞ்சளாக இருந்தது. தோள் உரசாமல் நகர முடியாத கூட்டம், காவடிகள், பம்பைச் சத்தம், ஆந்திராவிலிருந்து வந்தவர்களின் தெலுங்கு கோஷம். பந்தலில் முன்வரிசையில் யார்? ஹெட்மாஸ்டர்தான். காதில் மெஷின் இருக்கிறது. நான் மைக் முன் வந்ததும் அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று. கழற்றினார். பையில் போட்டார். தட்டிக்கொண்டார்.

பாவாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பந்தல் கடைசியில், மோர் அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஏறி நிற்கும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு விரல் தூரம் விட்டு ஆரம்பித்தேன்.

முதல் வரியில் அக்காவின் முஷ்டிகள் இழுபட்டன. பாவா இறக்கினார். ஒரு பம்பை கோஷ்டி பந்தலை ஒட்டிக் கடந்தது. அக்காவின் மணிக்கட்டு தொங்கியது. பாவா ஏற்றினார். கோஷ்டி போனதும் மறுபடி முஷ்டி. மறுபடி இறக்கம். கூட்டத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்கோ என் குரல் கைமாறிக் கைமாறி அந்தப் பக்கம் போய்ச் சேருவது கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவது சரணத்தில் அக்கா ஒரு புது ஜாடை காட்டினாள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, அப்படியே நிறுத்தினாள். பாவா திரையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை எதையும் தொடவில்லை. நான் பயந்தே போனேன். ஏதோ கெட்டுவிட்டதா?

இல்லை. ஹெட்மாஸ்டர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அந்த மனுஷர் என் பக்கம் கையைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஹெட்மாஸ்டர் பைக்குள் விரலை விட்டார். மெஷினை எடுத்தார். சந்தேகத்தோடு மாட்டினார். மாட்டியவர், கழற்றவே இல்லை.

முடிந்ததும் நேரே மிக்ஸர் மேஜைக்குத்தான் போனேன். அக்கா அதற்குள் பாவாவுக்கு மோர் கொண்டுவந்திருந்தாள்.

“நெஞ்சுல கை வெச்சாளே, அது இன்னா பாவா?”

“அதுவா? தறி நல்லா ஓடினு கீது, கை வெக்காதேன்னு அர்த்தம்.”

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டேன். “உங்களுக்கு எப்படிக் கேட்டுது?”

பாவா மோரைக் குடித்து முடித்தார். “மூடின மாதிரிதான் கேட்டுது. பாதி வார்த்த புரியல” என்றார். பிறகு அக்கா பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார். “ஆனா உங்கக்கா மூஞ்சில நல்லா தெளிவாக் கேட்டுதும்மா.”

மெஷின் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறார். எந்த மெஷின் நல்லது என்று ஹெட்மாஸ்டரே அவரிடம் வந்து விளக்கிக்கொண்டிருந்தார். மிக்ஸர் இருக்கிறது. அடுத்த கிருத்திகைக்கும் எங்களுக்கு அவர்தான். தனக்கு முழுசாகக் கேட்காத பாட்டை ஊருக்கு நன்றாகக் கேட்க வைக்க ஒரு மனுஷர் ஒரு வாரம் உழைக்கிறார். இன்னொருத்தி ஸ்டூல் மேல் நின்று கை வலிக்க வலிக்க ஜாடை காட்டுகிறாள். என் குரல் என்று நான் சொல்லிக்கொள்வதில் என்னுடையது எவ்வளவு, சொல்லுங்கள்?

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முப்பது வருஷம் பேசியே சம்பளம் வாங்கியவளுக்கு வார்த்தை வரவில்லை. வந்திருந்தாலும் அந்தப் பம்பைச் சத்தத்தில் பாவாவுக்கு எங்கே கேட்டிருக்கும்?

உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினேன்.

“ஆங்!” என்றார் பாவா.